யாக்கிடம் பால் கேட்ட அண்ணா

போன வெள்ளிக்கிழமை என் அண்ணாவை ஸ்ட்ரீட்கார் என்று இங்கே சொல்கிற ட்ராமிலேயே விட்டுவிட்டு நான் இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. கூடப் பிறந்து தொலைத்துவிட்டேன்… என்ன செய்ய?

அண்ணா ஜேர்மனியில் இருக்கிறார். பென்ஷன் எடுத்ததிலிருந்து நாடு நாடாகப் போய்ச் சாப்பிடுவதுதான் அவருக்கு வேலை. சாப்பிட்டால் பரவாயில்லை — கூடவே விசாரணையும் வைப்பார். இப்போது மூன்று கிழமை எங்களோடு நிற்க, ரொறன்ரோவின் கிழக்கு அந்தத்தில் இருக்கிற மல்வேர்னுக்கு வந்திருக்கிறார்.

"நயாகரா போவமோ அண்ணா?" என்று கேட்டேன்.

"தண்ணி விழுறதைப் பாக்க அவ்வளவு தூரம் ஏன்? நான் டூரிஸ்ட் இல்லைப் பிள்ளை. ட்ராவலர்."

ட்ராவலருக்குத் திபெத்துச் சாப்பாடு வேண்டுமாம். பாரம்பரியமானது. ஒரிஜினல். ரொறன்ரோவின் மேற்குப் பக்கம் பார்க்டேலில் திபெத்துக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள், கடைகளும் வரிசையாக இருக்கின்றன என்று ஃபோனில் பார்த்து வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக இந்த நகரத்தில் இருக்கிற எனக்கு அது தெரியாது. அதற்கும் ஒரு பேச்சு வாங்கினேன்.

மல்வேர்னிலிருந்து பஸ். பிறகு சப்வே. பிறகு ஸ்ட்ரீட்கார் — ரோட்டு வேலை என்று அது எங்கெங்கோ சுற்றிப் போனது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். "இந்த நேரத்துக்கு நான் பாரிஸிலிருந்து லண்டன் போயிருப்பன்" என்று மூன்று தரம் சொன்னார். போயிருக்கலாமே? யார் பிடித்து வைத்தது?

கடை சின்னது. எட்டு மேசை. மத்தியானக் கூட்டம் இன்னும் வரவில்லை. ஏப்ரன் கட்டிய ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், மெனுவைக் கொண்டுவந்து வைத்தார். அதைத் திறந்த பிறகுதான் அண்ணா குண்டைப் போட்டார்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ? நான் மச்சமாமிசம் தொடமாட்டன்."

மெனு முழுக்க மாடும் ஆடும். குளிர்மலையில் கத்தரிக்காயா காய்க்கும்?

"அப்ப ஏன் இண்டைக்கு வந்தனீங்கள்?"

"உவையளிட்ட மரக்கறி இல்லாமலே போகும்?"

அந்தப் பெண் பொறுமையாக இங்கிலீஷில் சொன்னார். உருளைக்கிழங்கு மோமோ இருக்கிறது. மாவைக் கையால் பிய்த்துப் போட்ட தென்துக் என்ற சூப், மரக்கறியோடு செய்து தரலாம். குடிக்க பட்டர் தேநீர். அண்ணா பெரிய மனது பண்ணித் தலையாட்டினார்.

மோமோ வந்தது. ஆவி பறக்க, மடிப்பு மடிப்பாக அழகாக இருந்தது. அண்ணா முள்ளுக்கரண்டியால் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"உது எங்கட கொழுக்கட்டை எல்லோ?"

அடுத்து தேநீர். ஒரு வாய்தான் குடித்திருப்பார். கண் இரண்டும் வெளியே வந்துவிட்டது.

"பிள்ளை! பாத்திரம் கழுவின தண்ணிக்குள்ள உப்பைப் போட்டுத் தந்திட்டாள்!"

"மெதுவாக் கதையுங்கோ அண்ணா."

"ஏன்? உவளுக்கென்ன விளங்கவே போகுது?"

வெளிநாட்டில் நாங்கள் தமிழை ஒரு மதில் மாதிரிப் பாவிக்கிறோம். அதற்குப் பின்னால் நின்று எதையும் சொல்லலாம் என்று நினைப்பு. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், லிஃப்டில்… பக்கத்தில் நிற்பவரின் மூக்கு, தொப்பை, தலைமயிர் — எதைத்தான் விட்டு வைத்திருக்கிறோம்?

"அண்ணே, பாத்திரம் கழுவுற தண்ணி பின்னாடி இருக்கு. வேணும்னா அதையும் ஒரு கப் கொண்டாரேன். குடிச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியும்."

ஏப்ரன் கட்டிய அந்தப் பெண்தான். தமிழ்! அதுவும் மதுரைத் தமிழ்!

மேசைக்குக் கீழே இடமிருந்தால் நான் போய்ப் படுத்திருப்பேன். "குறை நினையாதேங்கோ" என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

"உக்காருங்கக்கா. பஸ் ஸ்டாண்டுல ஸ்வெட்டர் வித்தப்போ கேக்காத பேச்சா?"

அவர் பெயர் டோல்மா. பிறந்தது கர்நாடகாவில், திபெத்து அகதிகளின் கேம்பில். வருஷா வருஷம் குளிர்காலம் வந்தால் குடும்பத்தோடு மதுரைக்கு ரயிலேறி, நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றிருக்கிறார். பன்னிரண்டு வருஷம். அந்த வெயிலில் யார் ஸ்வெட்டர் வாங்கினார்கள் என்று கேட்டேன். "கொடைக்கானல் போறவங்க எல்லாரும் எங்ககிட்டதானேக்கா வரணும்!" என்று சிரித்தார்.

இந்த இடத்தில் மானமுள்ள மனுஷன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவான். அண்ணா விசாரணையைத் தொடர்ந்தார்.

"உந்தப் பட்டர் யாக் மாட்டின்ர பாலிலயோ செய்தது?"

"யாக்குன்னா ஆம்பளைண்ணே. பொம்பளைக்கு வேற பேரு. யாக்குகிட்டப் போய் யாரு பால் கறக்கறது?"

காலையிலிருந்து நான் சிரித்தது அப்போதுதான். அண்ணா அசரவில்லை.

"திபெத்திலயும் உப்பிடித்தான் செய்வினமோ?"

"தெரியாதுண்ணே. நான் திபெத்தைப் பார்த்ததே இல்ல. எங்கம்மா பத்து வயசுல மலையைத் தாண்டி வந்தவங்க. கேம்ப்ல கெடச்ச மாவு, கெடச்ச வெண்ணெய்… அதை வச்சு அவங்க செஞ்சதைத்தான் நானும் செய்றேன்."

அண்ணா தீர்ப்புச் சொன்னார்: "அப்ப இது ஒரிஜினல் இல்லை."

டோல்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் பக்கத்து மேசையில் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"அண்ணா, ஜேர்மனியில இருபத்தெட்டு வருஷம் என்ன வேலை செய்தனீங்கள்?"

"ஏன் இப்ப உது?"

"சொல்லுங்கோ."

"ரெஸ்ரோரண்டில…"

"என்ன ரெஸ்ரோரண்ட்?"

"இத்தாலியன்." குரல் எனக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது.

"யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்து ஆள் ஜேர்மன்காரனுக்கு இத்தாலியன் பீட்சா சுட்டுக் குடுத்தனீங்கள். நீ இத்தாலியைக் கண்டனியோ எண்டு ஆரும் கேட்டவையோ? உங்கட மகள் ஊரைக் கண்ணாலயும் காணேல்லை. அவள் வைக்கிற சொதியைக் குடிச்சுப்போட்டு எனக்கு ஃபோன் எடுத்து அழுதனீங்களே… அதுவும் ஒரிஜினல் இல்லையோ?"

அண்ணா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று ஒரு பயம்.

எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது டோல்மாதான். கதிரையை இழுத்து உட்கார்ந்து கேட்டார்: "பீட்சா மாவு நீங்களே பிசைவீங்களாண்ணே?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"எனக்கு இன்னைக்குத் தோள் வலி. தென்துக் மாவு இறுக்கமா நிக்குது. வந்து பாக்கறீங்களா?"

போனார். கையைக் கழுவி, ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். சமையலறைக் கதவு திறந்துதான் கிடந்தது. அண்ணா உள்ளங்கையால் மாவை அழுத்தி மடிக்க, டோல்மா அதை நீளமாக இழுத்து, பிய்த்துப் பிய்த்துக் கொதிக்கிற பானைக்குள் எறிந்தார். சுடுதண்ணியா பச்சைத்தண்ணியா, மாவை எவ்வளவு நேரம் மூடி வைப்பது என்று இருவருக்கும் ஓயாத கதை. நடுவில் அண்ணாவின் குரல் தணிந்தது.

"நான் கதைச்சது பிழை, தங்கச்சி."

எனக்கு ஐம்பத்தாறு வயது. அண்ணா வாயிலிருந்து "பிழை" என்ற சொல் என் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. முழங்கால் வலியோடு நகரத்தின் மறு அந்தம் வரை கூட்டிவந்தவள் நான். மன்னிப்பு மட்டும் அரை மணித்தியாலம் பழகியவருக்கு! அந்த எரிச்சலில் மோமோ முழுவதையும் நானே தின்று முடித்தேன். அந்தத் தேநீரையும்தான். தேநீர் என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடித்தால், நாலாவது வாயில் பிடித்துப்போகிறது.

தென்துக் வந்தபோது அண்ணா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு கோப்பை குடித்தார்.

வெளிக்கிடும்போது வாசலில் நின்றார். இனி என்ன குண்டோ என்று நினைத்தேன்.

"போகலாமெண்டு விட்டால், திபெத்துக்குப் போவீங்களோ?"

டோல்மா ஏப்ரனில் கையைத் துடைத்தார். "போவேண்ணே. எங்கம்மா சொன்ன வீடு இருக்கான்னு தேடிப் பாப்பேன். ஆனா திங்கக்கிழமை மட்டுந்தான் லீவு. செவ்வாய்க்கிழமைக்குள்ள திரும்பிடணும், கடை இருக்கு." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "நீங்க உங்க ஊருக்குப் போயிட்டு வந்தீங்களா?"

முப்பது நாடு பார்த்த ட்ராவலர் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"இன்னும் இல்லை. நேரம் கிடைக்கேல்லை."

பென்ஷன்காரருக்கு நேரமில்லையாம்!

ஸ்ட்ரீட்காரில் ஏறியதிலிருந்து அண்ணா ஒரு சொல் பேசவில்லை. காலையிலிருந்து நான் வேண்டியது அதைத்தான்… கிடைத்தபோது ஏனோ பிடிக்கவில்லை.