ரூத் கழுவாத சக்கரம்

ரூத்திடம் அடி வாங்காத டிப்பர் லாரி டிரைவர் ஒருவன் ஒரகடம் பக்கம் இருக்கிறான் என்றால், அவன் போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பான். கையில் எது இருக்கிறதோ அதைக் கொண்டே அடிப்பாள். சோப்புத் தண்ணீர் பக்கெட், பிய்ந்த ஹோஸ், ஒருமுறை நட்டு கழற்றுகிற ஸ்பானர். அந்த ஸ்பானர் அடி வாங்கியவன் மறுவாரமும் அவளிடமே வண்டியைக் கொண்டு வந்தான். வேறு எங்கே போவான்? அந்தச் சாலையில் சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழுவித் தருகிறவள் அவள் ஒருத்திதான்.

டிப்பருக்குப் பின்னால் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். வெளியே நமக்குத் தெரிவது ஒன்று, அதை ஒட்டி உள்ளே இன்னொன்று. உள்ளே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. சேறு, பிரேக் தூள், கசிந்த கிரீஸ், இரண்டு டயருக்கும் நடுவே சிக்கிய ஜல்லி எல்லாம் அங்கேதான் சேரும். ரிம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், ரப்பர் ஊறிப்போகும். அதைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் ஜாக்கி போட்டு, நட்டுகளைக் கழற்றி, வெளி டயரை உருட்டி அப்பால் வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட முடியும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, ரிம்முக்குத் துருப்பிடிக்காத ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து மாட்டுவதற்குள் ஒரு டிரிப் போய்விடும். அதனால் முதலாளிகள் உள்பக்கம் கழுவச் சொல்வார்கள், டிரைவர்கள் வேண்டாம் என்பார்கள். "வெளிய பளபளன்னு கீதா? போதும்க்கா, வுடு" என்று ஆரம்பிப்பார்கள். அடி விழுவது அப்போதுதான்.

அவள் அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. அவள் வண்டி கழுவுகிற ஷெட் முதலில் அவள் புருஷன் கிறிஸ்துதாஸுடையது. ஒன்பது வருஷம் அவளை அடித்துக்கொண்டே வாழ்ந்த மனுஷன். குடித்தாலும் அடிப்பான், குடிக்கக் கிடைக்காவிட்டாலும் அடிப்பான். உள்பக்கமெல்லாம் அவன் தொட்டதே இல்லை. ஒருநாள் பஞ்சர் ஒட்டிய டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே துருவேறி இற்றுப்போயிருந்த ரிம் பிளந்து, இரும்பு வளையம் தெறித்து அவன் தாடையைப் பெயர்த்துக்கொண்டு போனது. மூன்று நாள் கிடந்து செத்தான். ரூத் அழுதாள். அடி நின்றதே என்று நிம்மதியும் பட்டாள். அதை யாரிடமும் அவள் மறைக்கவில்லை, சபைப் பாதிரியாரிடம்கூட. அடக்கம் முடிந்த நாலாம் நாள் ஷெட்டைத் திறந்து, முதலில் வந்த வண்டியின் உள்டயரைக் கழற்றினாள்.

பிள்ளை குட்டி கிடையாது. தம்பி டெனிசன் ஒருவன்தான். அவனுக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள். பதினெட்டு வயது ரூத்தின் இடுப்பில் ஏறி உட்கார்ந்தவன், இருபது வருஷம் கழித்து டிப்பரின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அவனுக்கு விழுந்த அடியும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவனை வேறு யாராவது அடித்துவிட்டால் தெருவே தாங்காது. மணிமங்கலத்தில் அவனுக்கு ஒரு வீடு பார்த்து, ஃபெபியைக் கட்டி வைத்ததும் ரூத்துதான். ஃபெபிக்கு இப்போது ஏழு மாதம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்ததுமே போனில் வீடியோ வந்துவிட்டது. வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த சசிகலா என்ற பெண்ணின் மேல் ஒரு லாரி ஏறி, நிற்காமல் போய்விட்டது. பெண் அங்கேயே முடிந்துபோனாள். பின்னால் வந்த இன்னொரு லாரிக்காரன் நிறுத்தி இறங்கி அவளைத் தூக்கப் பார்த்திருக்கிறான். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வீடியோவில் இருந்தது அந்த மனிதன் வாங்கிய அடிதான். ஐம்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் அந்தப் பெண்ணின் ரத்தம். "நா இல்லப்பா, தூக்கத்தான்பா நிறுத்தினேன்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறான். கும்பிட்ட கையிலேயே ஒருவன் கட்டையால் போட்டான். எலும்பு ஒடிகிற சத்தம் போனில் கேட்டது. குன்றத்தூர் இராமச்சந்திரன் என்று பெயர் போட்டு, இவன்தான் கொலைகாரன் என்று எழுதி, ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போலீஸும் அவனைத்தான் பிடித்து வைத்திருந்தது. ரூத் வீடியோவை இரண்டு தடவை பார்த்தாள். அடித்தவர்களை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு மோட்டாரைப் போட்டாள்.

எட்டு மணிக்கு டெனிசன் வந்தான். வண்டியை உள்ளே விட்டவன் இறங்காமலே சொன்னான்.

"க்கா, பின்னாடி ரைட்டு கழட்டி உள்பக்கம் நல்லா கழுவி குடுத்துரு. சீக்கிரம்."

ரூத் நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வருஷமாக வண்டி ஓட்டுகிறான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்பக்கம் கழுவு என்று கேட்டதில்லை. அவளோடு அவன் போட்ட சண்டையில் பாதி இதற்காகத்தான். வழக்கம்போலச் சண்டை போட்டு வெளியே மட்டும் கழுவிக்கொண்டு போயிருந்தால் அவளுக்குச் சந்தேகமே வந்திருக்காது. பயம் அவனை வாய் திறக்க வைத்துவிட்டது.

நட்டில் கை வைக்குமுன் டார்ச் அடித்து இரண்டு டயருக்கும் நடுவே பார்ப்பது அவள் வழக்கம். குந்தி உட்கார்ந்து பார்த்தாள். சேற்றுக்கு நடுவே மஞ்சள் துப்பட்டா முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதோடு தலைமுடி. அதோடு கழுத்தில் மாட்டுகிற கம்பெனி அட்டையின் நீல நாடா.

டார்ச்சை அணைத்தாள். குந்தியபடியே கேட்டாள்.

"டேய். இன்னாடா இது?"

"நாய்க்கா. படப்பையாண்ட குறுக்க வந்துச்சு."

"நாய் துப்பட்டா போட்டுகினு வந்துச்சா?"

அவன் சீட்டிலிருந்து இறங்கினான். இறங்கியவன் அவள் காலடியிலேயே விழுந்தான். தூங்கிவிட்டானாம். இரண்டு நாளாக ஒரே டிரிப்பாம். ஏதோ தட்டியது மாதிரி இருந்ததாம், கண்ணாடியில் பார்த்தபோது தெரிந்ததாம், நிறுத்தினால் கொன்றுவிடுவார்கள் என்று ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டானாம். அத்தனையும் அழுதுகொண்டே சொன்னான். ரூத்துக்கும் அழுகை வந்தது. அவன் தலையைத் தடவினாள்.

"எந்திரி. மூஞ்சி கழுவு. நானும் வரேன், ஸ்டேஷனுக்குப் போலாம்."

"எதுக்கு?" அவன் அழுகை நின்றுவிட்டது. "அவனத்தான் புடிச்சிட்டாங்களே. கேசு எழுதியாச்சாம். நீ இத கழுவினா போதும்க்கா, எல்லாம் முடிஞ்சிரும்."

தடவிய கையாலேயே அறைந்தாள். அந்த அறையில் அவன் பின்மண்டை டயரில் போய் இடித்தது.

"அந்த ஆளு கைய ஒடிச்சி உள்ள போட்டு கீறாங்கடா. அவனுக்குப் புள்ள குட்டி இல்லியா? நீ நிறுத்தாம ஓடின. அவன் நிறுத்தினான். அதுக்கு அவன் ஜெயிலுக்குப் போவணுமா?"

"எம் புள்ள பொறக்கப்போவுதுக்கா."

"அப்பன் ஜெயில்ல இருந்தாலும் பொறக்கும். கிளம்பு."

அவள் போனை எடுத்தாள். டெனிசன் அதைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்தான். ரூத் கம்பி பிரஷ்ஷை வீசினாள், அவன் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. அதற்குப் பிறகு அக்காவும் இல்லை தம்பியும் இல்லை. அவன் அவள் முடியைப் பிடித்தான், அவள் அவன் கையைக் கடித்தாள், சதை பல்லில் வரும்வரை விடவில்லை. இருவரும் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து உருண்டார்கள். முதலில் எழுந்தவன் அவன். கையில் அகப்பட்டது ஜாக்கி ராடு. தோளில் ஒரு போடு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே காறை எலும்பு ஒடிந்தது அவளுக்கே கேட்டது. கிறிஸ்துதாஸ் ஒன்பது வருஷம் அடித்தும் ஒடிக்காத எலும்பு அது.

அவள் சிமென்ட் தரையில் கிடந்தாள். அவன் தண்ணீர்த் துப்பாக்கியை எடுத்து, பிரஷரைக் கூட்டி, இரண்டு டயருக்கும் நடுவே பீய்ச்சினான். வெளியிலிருந்தே பீய்ச்சினான். வெளி டயரைக் கழற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அதற்கு நேரமும் இல்லை, கழற்றிவிட்டு அங்கே இருப்பதைப் பார்க்க நெஞ்சும் இல்லை. சேறு கரைந்து சிவப்பாக ஓடியது. பிறகு பழுப்பாக ஓடியது. பிறகு வெறும் தண்ணீர். அவன் குனிந்து பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான்.

எங்கே போகும்? வெளியிலிருந்து அடிக்கிற தண்ணீர் எதையும் வெளியே கொண்டுவராது, உள்ளேதான் தள்ளும். துணியெல்லாம் உள் ரிம்முக்குப் பின்னால், பிரேக் டிரம் பக்கமாய்ப் போய் அடைந்துகொள்ளும். இதை அவள் அவனுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அவன் ஒரு தடவையும் காதில் வாங்கியதில்லை. இப்போதும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கழற்றிவிடுவான். ரூத் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

மோட்டாரை நிறுத்தியதும் அவனுக்குப் புத்தி வந்தது. ஓடிவந்து அவளைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான். தன் துண்டை அவிழ்த்து அவள் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினான்.

"ஆட்டாதக்கா கைய. லோடு இறக்கிட்டு வந்துர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம். யாராச்சும் கேட்டா வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிரு. என்ன மன்னிச்சிருக்கா."

வண்டி போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தை ரூத் எப்படிக் கழித்தாள் என்று எழுதுவது கஷ்டம். ஜெபம் பண்ணினாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பண்ணவில்லை. தம்பியைத் திட்டினாள். ஃபெபியை நினைத்தாள். அவன் நாலு வயதில் காய்ச்சலில் கிடந்ததை நினைத்தாள். சும்மா இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள், அது பொய்யில்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால் அந்தச் சக்கரத்தை இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருவனும் கழற்ற மாட்டான். ஆனால் கண்ணை மூடினால் கும்பிட்ட கையில் கட்டை விழுந்தது. எழுந்து சாலைக்கு வந்து ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள்.

ஸ்டேஷனில் ரைட்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா இப்படி அடிச்சது?"

"வுழுந்துட்டேன் சார். அத வுடுங்க. காலைல அந்தப் பொண்ணு மேல வண்டி ஏத்தினது நீங்க புடிச்சி வெச்சிகீற ஆளு இல்ல. என் தம்பி டெனிசன். வண்டி நம்பர் எழுதிக்கோங்க."

நம்பர் சொன்னாள். லோடு எங்கே இறக்குவான் என்றும் சொன்னாள். ரைட்டர் நம்பவில்லை. சொத்துத் தகராறா, தம்பியோடு சண்டையா என்று குடைந்தார். ரூத் மேஜையில் நல்ல கையால் ஓங்கிக் குத்தினாள். டீ கிளாஸ் கவிழ்ந்தது.

"பின்னாடி ரைட்டு வெளி டயர கழட்டுங்க சார். அதோட வுட்றாதீங்க, உள் டயரையும் கழட்டி டிரம்மாண்ட பாருங்க. ஒண்ணும் இல்லன்னா என்ன உள்ள போடுங்க."

மதியத்துக்குள் போலீஸ் டெனிசனை வண்டியோடு பிடித்துக் கொண்டுவந்துவிட்டது. அவன் தெம்பாகத்தான் இறங்கினான். நல்லா பாருங்க சார் என்றான். மெக்கானிக் வெளி டயரைக் கழற்றினார். சுத்தமாக இருந்தது. ரைட்டர் ரூத்தைத் திரும்பி முறைத்தார். "இன்னொண்ணு" என்றாள் அவள். உள் டயரும் வெளியே வந்தது. டிரம்மைச் சுற்றி மஞ்சள் துணி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் குறட்டால் இழுத்தார். கூடவே நீல நாடாவும் வந்தது, நாடாவின் நுனியில் அட்டையும். போட்டோவில் சசிகலா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நா கழுவினேனே" என்றான் டெனிசன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு கான்ஸ்டபிள் அவனைக் கன்னத்தில் அறைந்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார். ரூத்தின் கால்கள் தாமாகவே இரண்டடி முன்னால் போயின, அந்தக் கான்ஸ்டபிளை அடிக்க. பிறகு நின்றுவிட்டாள்.

சாயங்காலம் இராமச்சந்திரனை விட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு, வீங்கிய முகத்தோடு, வீட்டிலிருந்து ஆள் வருவதற்காக வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் துண்டால் கட்டிய கையோடு ரூத் உட்கார்ந்திருந்தாள். அவள் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தன்னை யார் வெளியே கொண்டுவந்தார்கள் என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவள் கையைப் பார்த்தார். அடி வாங்கிய மனுஷனுக்கு அடி தெரியும்.

"யாரும்மா அடிச்சது?"

"என் தம்பி."

"கூடப் பொறந்தவனா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன சும்மாவா வுட்ட?"

உள்ளேயிருந்து டெனிசனை அடிக்கிற சத்தம் கேட்டது. அவன் அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டிருந்தான்.

"வுடலப்பா" என்றாள் ரூத். அதற்குமேல் அவளால் முடியவில்லை. நல்ல கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இராமச்சந்திரனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் ஆள் வந்து கூப்பிட்ட பிறகும் அவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல், அவள் அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே உட்கார்ந்திருந்தார்.