முறையான கை

மலையாள நாட்டுக் கரமனைத் தெருவில் நவராத்திரிக்குக் கோலாட்டம் ஆடும் சிறுமியரான எங்களை அவ்வாண்டு என் அக்கா உயிரணுவுக்குள் அழைத்துச் சென்றாள். அவள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். மேற்கொண்டு உயிரியல் படிக்க விரும்பினாள். அப்பா வணிகவியல் என்றார். பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் முதற்பரிசு வாங்கினால் விட்டுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டார், வாங்கமாட்டாள் என்னும் நம்பிக்கையில்.

உயிரணு தன் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதை ஆடிக் காட்டுவது அக்காவின் திட்டம். இரு வரிசையாக எதிரெதிரே கை கோத்து நிற்போம். ஒவ்வொருத்தி மார்பிலும் ஏ, டி, ஜி, சி என்னும் எழுத்துகளுள் ஒன்று. தாளம் மாறியதும் வரிசைகள் பிரியும். புதிய சிறுமியர் வந்து, தனித்து நிற்பவர்களின் கைகளைப் பற்றுவர். பழைய வரிசை ஒவ்வொன்றும் ஒரு புதிய வரிசையைத் துணைகொள்ள, ஒன்று இரண்டாகும். படியெடுக்கும் நொதி அக்காதான். மஞ்சள் மேலாடை அணிந்து, கோத்த கைகளைத் தொட்டு உறுதிசெய்தபடி வருவாள்.

"நீ டி. ஏ வந்தாத்தான் கை குடுக்கணும், கேட்டயா? ஜி உனக்கு முறையில்லை," என்று என் மார்பிலிருந்த எழுத்தைக் காட்டிச் சொன்னாள் அக்கா.

கல்யாணப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

கண்காட்சி மேடையில் வரிசைகள் பிரிந்தன. என்னெதிரே பக்கத்து வீட்டுத் தோழி வந்தாள். நாள்தோறும் பள்ளிக்குப் பிடித்துச் செல்லும் கை, பிடித்துக்கொண்டேன். அவள் மார்பில் இருந்தது ஜி.

அக்கா எங்களைத் தொட்டுக் கடந்துவிட்டாள். பிறகு நின்றாள். ஓரடி பின்வந்து எங்கள் கைகளைப் பிரித்தாள். தோழியை அவளுக்குரிய சியிடம் சேர்த்தாள். திகைத்து நின்ற ஏயின் கையை என் கையில் வைத்துவிட்டு, தாளம் பிசகாமல் மேலே நடந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் நடுவர், "மோளே, ஆ தெற்று அறிஞ்ஞுகொண்டு செய்ததாணோ?" என்றார். தெரிந்தே செய்த தவறா என்று கேட்கிறார்.

"அல்ல சாரே," என்றாள் அக்கா. "பக்ஷே, செல்லும் இங்ஙனெத் தன்னெயா திருத்துந்நது." உயிரணுவும் இப்படித்தான் திருத்திக்கொள்ளும் என்றாள்.

முதற்பரிசு அவளுக்கே.

"பயாலஜியே படி," என்றார் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த அப்பா. என்னைப் பார்த்து, "முறையில்லாத கையைப் பிடிச்சாளே, இவளுக்குன்னா பரிசு தரணும்!"

நான் அதை அப்படியே நம்பினேன். பரிசு என்னால் வந்தது என்று பேருந்து முழுவதும் கேட்கத் தோழிக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். அக்கா என் கையை வீடு வரும்வரை விடவில்லை. அவள் உள்ளங்கை ஏன் அவ்வளவு ஈரமாக இருந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.