ரூபியும் கல்யாணக் கோட்டும்

நாய்க்குட்டி வாங்கப் பாறசாலைப் பக்கம் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜனவரி மாதம். டாபர்மேன் பைத்தியம் எனக்கு முற்றியிருந்த நேரம். திருநெல்வேலியில் வங்கி வேலை, ஒண்டிக்கட்டை, ஏன் எதற்கு என்று கேட்க ஆள் இல்லை. பாறசாலையில் நாய் வளர்க்கும் ஜெசி டீச்சரிடம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசி, அவருடைய ரூபி அடுத்துப் போடும் குட்டிகளில் முதல் பெட்டை எனக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். தாயை நேரில் பார்க்காதவருக்குக் குட்டி கிடையாது என்பது டீச்சரின் சட்டம். அதனால்தான் இந்தப் பயணம்.

நாகர்கோவிலில் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு பஸ். களியக்காவிளை வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கே இறங்கிக் கேரள பஸ்ஸில் மாறினால் பத்து நிமிடத்தில் பாறசாலை. பஸ்ஸின் நிறமும் கடைப்பலகையின் எழுத்தும்தான் மாறுகின்றன, பேச்சு அப்படியே தொடர்கிறது. ஆட்டோக்காரரிடம் டீச்சர் வீட்டுக்கு வழி கேட்டேன்.

"பட்டி வளக்குற டீச்சரா? ஏறுங்க சாரே. அந்த ரூபிக்க வாயை நானும் தொறந்து பாத்ததுண்டு. நாப்பத்திரண்டு பல்லாக்கும்!"

பட்டி என்றால் அந்தப் பக்கம் நாய். ஏதோ அளக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ரூபி நாய்க் கண்காட்சிகளில் போட்டியிடும் நாய். அங்கே நடுவர் நாயின் வாயைத் திறந்து பல்வரிசை பார்ப்பார், முதுகையும் காலையும் தடவிப் பார்ப்பார், பிறகு ஓடவிட்டுப் பார்ப்பார். அன்னியர் கை பட்டாலும் நாய் அசையாமல் நிற்க வேண்டும். இதற்காக டீச்சர் ஊரையே வேலைக்கு வைத்திருந்தார். தனுவச்சபுரத்தில் கல்லூரி விடும் நேரத்துக்கு ரூபியை பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய், மாணவர்களை வரிசையாக வாய் திறந்து பார்க்கச் சொல்வாராம். காட்டாக்கடை சந்தையில் மீன்காரம்மாக்கள் பார்த்திருக்கிறார்கள். அம்பூரியில் கணவரின் ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் ஓடி ஓடி அதன் பின்னந்தொடை இறுகியிருந்தது. கறுப்புத் தோலில் வெயில் வழுக்கி விழுந்தது. இப்படி ஒரு நாயை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் டீச்சர் முகத்தில் களை இல்லை. விஷயத்தைக் காப்பி குடிக்கும்போது சொன்னார். ரூபிக்கு இரண்டு சான்றிதழ் கிடைத்தாயிற்று, மூன்றாவது கிடைத்தால் சாம்பியன். கோட்டயத்தில் ஒரு பெயர்பெற்ற ஆண் நாய் இருக்கிறது, டீச்சருக்கு அதுதான் வேண்டும், ஆனால் அதன் உடைமைக்காரர் சாம்பியன் பெட்டையோடு மட்டும்தான் சேர்ப்பார். ரூபிக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, இனி வரும் ஒரு ஈற்றுக்குப் பிறகு அதைக் குட்டி போட விடுவதில்லை என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். கடைசியாகப் போன இரண்டு கண்காட்சியிலும் நடுவர் கிட்டே வந்ததும் ரூபி பின்வாங்கிவிட்டது. மறுநாள் திருவனந்தபுரத்தில் அடுத்த கண்காட்சி.

"ஊரெல்லாம் கை வச்சாச்சு தம்பி. ஒரு குறையும் இல்ல. அங்க போனா மட்டும் இவளுக்கு என்ன வருதுண்ணு அறியல்லியே."

வாசலில் கார் வந்து நின்றது. டீச்சரின் அக்கா மகன் சாமுவுக்கு அன்று நெய்யாற்றின்கரை சர்ச்சில் கல்யாணம். போகும் வழியில் சித்தியிடம் ஜெபமும் ஆசியும் வாங்க வந்திருந்தான். ரூபியைக் குட்டியிலிருந்து தூக்கி வளர்த்தவர்களில் அவனும் ஒருவன். கைநீட்டிக் கூப்பிட்டான். ரூபி உறுமிக்கொண்டே பின்னால் போய் டீச்சரின் சேலைக்குள் ஒளிந்தது.

"எலே ரூபி, நான் சாமுலே!"

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கறுப்புக் கோட்டு, டை, மினுங்கும் ஷூ. "கோட்டாக்கும்!" என்று கத்தினார். "கர்த்தாவே, கோட்டாக்கும் இவளுக்குப் பேடி!"

ரூபிக்குப் பயம் கோட்டின் மேல்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரூபியின் வாயைத் திறந்தவர்கள் எல்லோரும் கைலியும் வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டவர்கள். கண்காட்சி நடுவர்களோ எந்த வெயிலிலும் கோட்டும் டையுமாக வருகிறவர்கள்; முதல் இரண்டு சான்றிதழும் கொடுத்தது சேலை கட்டிய பெண் நடுவர்களாம். அந்த ஊரில் கோட்டு போடுவது கல்யாண மாப்பிள்ளையும் அவன் கூட்டமும்தான், அதுவும் ஒரே ஒரு நாள். நல்லவேளை, அந்த நாள் இதுவாக அமைந்தது.

கல்யாணக் கோட்டுகளை வைத்தே பழக்கிவிடலாம் என்று டீச்சர் என்னையும் வரச் சொன்னார். ரூபியும் எங்களோடு காரில் ஏறியது. நெய்யாற்றின்கரை பன்னிரண்டு கிலோமீட்டர். ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்து மாமரத்தடியில் நான்கு கோட்டுகள் வரிசையாக நின்றன: மாப்பிள்ளை, தோழன், பெண்ணின் அண்ணன்மார் இருவர். விருந்துப் பந்தியிலிருந்து இறைச்சித் துண்டுகளை வாழையிலைக் கீற்றில் பொதிந்து ஆளுக்கொன்றாகக் கோட்டுப் பையில் வைப்பது டீச்சரின் யோசனை. மணப்பெண் லீனா குறுக்கே வந்து நின்றாள்.

"எனக்க மாப்பிளைக்க கோட்டுல பட்டி வாய் வைக்கணும்னா, முதல் பெட்டைக்குட்டி எனக்காக்கும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். அந்த முதல் குட்டிக்காகத்தான் நான் நாலு மாதமாகக் காத்திருந்தேன். இந்த நாய் தோற்றால் குட்டியே கிடையாது என்பதும் எனக்குப் புரிந்தது. "கொடுங்க டீச்சர்" என்றேன். வயிற்றெரிச்சலோடுதான் சொன்னேன்.

முதல் கோட்டுக்கு ரூபி நடுங்கியது. இரண்டாவதில் மூக்கை நீட்டியது. நான்காவது கோட்டுக்காரரிடம் அதுவே நடந்து போய் வாயைக் காட்டி நின்றது. விருந்தினர் பந்தியை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

ஞாயிறு காலை டீச்சர் ஆராதனையைத் தவறவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு வந்தார். "ஏன் வரல்லண்ணு சபையில பேச்சு கேக்கணும், கேட்டுக்கலாம்" என்றார். கல்கத்தாவிலிருந்து வந்த வயதான நடுவர், சாம்பல் நிறக் கோட்டு. ரூபி சிலையாக நின்றது. பல் பார்த்தார், முதுகு பார்த்தார். ஓடவிட்டார், முன்னங்காலும் பின்னங்காலும் ஒரே நேர்கோட்டில் போய்வந்தன. திரும்பி வந்து நின்ற ரூபி, சாவகாசமாக நடுவரின் கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைத்தது.

கூட்டம் சிரித்தது. டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. பழக்கியபோது இதை யாருமே யோசிக்கவில்லை! நடுவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறிக் காட்டி, "இவ்வளவுதான் அம்மா இருக்கிறது" என்று ரூபியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு இரண்டாவதாக நின்ற கொல்லத்து நாயை இன்னொரு முறை ஓடச் சொன்னார். அவ்வளவு நேரமும் டீச்சரின் உதடு ஜெபித்துக்கொண்டிருந்தது. நடுவர் ரூபியின் பக்கம் விரல் காட்டினார், மூன்றாவது சான்றிதழ்! டீச்சர் புல்தரையிலேயே உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு நாயிடம் இவ்வளவு உழைப்பையும் இவ்வளவு அன்பையும் சேர்த்து வைத்த ஒருவரை நான் வேறெங்கும் சந்திக்கவில்லை.

இனி, கேட்ட வாசகருக்கு. களியக்காவிளை வழியே போங்கள், காலையில் போனால் கூட்டம் குறைவு. தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். தாய் புது ஆளிடம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள், பல்வரிசையை நீங்களே திறந்து பாருங்கள், அந்த ஊரில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முதல் குட்டிக்குச் சொல்லி வைத்திருந்தால், வளர்ப்பவரோடு கல்யாண வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள்.

ரூபி கோட்டயம் போய்வந்து குட்டி போட்டது. ஏழு குட்டிகள், பெட்டை ஒன்றே ஒன்று. அது லீனா வீட்டுக்குப் போயிற்று. நான் ஒரு ஆண்குட்டியைக் கூடையில் வைத்து எல்லை தாண்டிக் கொண்டுவந்தேன். சாமு என்று பெயர் வைத்தேன்.