எண்பது போன்களும் ஒரு மீன் தொட்டியும்

ஜான்சியைக் கெட்டிக்காரி என்று ஊரே சொன்னாலும் அவள் தாய் வசந்தி மட்டும் ஒத்துக்கொண்டதில்லை. "கெட்டிக்காரின்னா நேரத்துக்கு சோறு துன்னுவா" என்பாள். பட்டினப்பாக்கம் கரையிலிருந்து மீன் கூடை சுமந்து மகளைப் படிக்கவைத்தவளும் அவள்தான். ஜான்சி தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். அது சம்பளத்துக்கு. மனசுக்கு என்று வேறொரு வேலை வைத்திருந்தாள்.

அப்பா தேசப்பன் கடலிலிருந்து திரும்பாதபோது அவளுக்குப் பதினோரு வயது. மூன்று நாள் வடக்கே தேடினார்கள். அவர் தெற்கே கிடந்தார். அதை அவள் மறப்பாளா? வளர்ந்து ஆளானதும் கரையின் நாற்பது படகுகளிலும் தலா ஒரு சின்னப் பெட்டி பொருத்தினாள். படகு இருக்கும் இடத்தை அது நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும். எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வர் அதை வாங்கி, வீட்டிலிருப்பவர்களின் போனில் பச்சைப் புள்ளியாகக் காட்டும்; சேதி வராவிட்டால் சிவப்பாக்கும்.

அதற்கான புரோகிராமை ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். கூட வேலை பார்க்கும் ஷரஃபுதீன் கிண்டல் செய்தார்.

"இன்னாம்மா, நாப்பது புள்ளிக்கு இவ்ளோ மெமரியா? வேற மொழியில எழுதியிருந்தா இதுல கால்வாசி போதும்."

"அதுல மெமரில வேலை முடிஞ்ச ஒவ்வொரு துண்டையும் நானே பொறுக்கிப் போடணும் பாய். ஒண்ணு மறந்தா மொத்தமும் படுத்துக்கும். எனக்கு இன்னா பத்து கையா கீது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஜாவாவில் வேலை முடிந்த குப்பையை மொழியே கூட்டிவிடும். ஆனால் அது கூட்டுகிறபோது வீட்டிலிருக்கும் எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். இடம் சின்னதாக இருந்தால் அடிக்கடி கூட்டும். சர்வர் அடிக்கடி நிற்கிறதே என்று போன மாதம் மெமரியை நான்கு மடங்காக்கினாள். அதற்குப் பிறகு எப்போதாவதுதான் நின்றது. நின்றால் நெடுநேரம் நின்றது. அமைதியான நாட்களில் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காற்று திரும்பியது. கடலில் ஒன்பது படகுகள். ஒன்றில் ஜான்சியின் அண்ணன் ஆம்ப்ரோஸ்.

காற்று கெட்டால் அந்தக் கரையின் பெண்கள் எல்லோரும் தண்ணீர் ஓரம் வந்து நிற்பார்கள். கடைசிப் படகு வரும்வரை கடலைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். எடுத்தால் ஆளைக் கைவிட்டதாக அர்த்தம். இப்போது போனிலும் கடல் இருக்கிறதே! விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சர்வர் ஒன்பது படகுகளின் காலைத் தடத்தையும் புதிதாக வரைந்து கொடுத்தது. கொடுத்த மறுகணம் அது குப்பை. மெமரி நிறைந்தது, சர்வர் நின்று கூட்டியது. அந்த நேரத்தில் படகுகள் அனுப்பியதை வாங்க ஆளில்லாமல் புள்ளிகள் சிவந்தன. சிவப்பைக் கண்டவர்கள் இன்னும் வேகமாக இழுத்தார்கள்.

தேனாம்பேட்டையில் ஜான்சி லேப்டாப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அவள் கேட்டதற்கும் சர்வரிடமிருந்து பதில் வரவில்லை.

"நிறுத்திட்டு மறுபடி போடும்மா" என்றார் ஷரஃபுதீன்.

"போட்டா எல்லாம் போயிடும் பாய். கடைசியா எங்க இருந்தாங்கன்றத மெமரிலதான் வச்சிருக்கேன். வேகமா கெடைக்குதேன்னு டிஸ்க்ல எழுதாம விட்டுட்டேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். சர்வரின் வாசலை மூடிப் பார்ப்பவர்களைத் தடுக்கலாம் என்றால், படகுகளுக்கும் பார்ப்பவர்களுக்கும் வாசல் ஒன்றுதான். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கரைக்கு ஆட்டோ பிடித்தாள்.

கரையில் ஏறக்குறைய எண்பது பெண்கள். எட்டுப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிவிட்டிருந்தன. ஆம்ப்ரோஸ் மட்டும் வரவில்லை. காலையில் வடக்கே போவதாகச் சொன்னானாம். தேடப் போகிறவர்கள் வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் போனப் பாக்காதீங்க! கொஞ்ச நேரம் கீழ வைங்க!" என்று கத்தினாள் ஜான்சி.

ஆம்ப்ரோஸின் மனைவி ஜூலியட் திரும்பினாள். "என் புருஷனைப் பாக்காதேன்னு சொல்ல நீ யாருடி?"

"அண்ணி, எல்லாரும் பாக்கறதாலதான் அவன் தெரியமாட்டேங்கறான்!"

"இன்னா பேச்சு இது? நான் கண்ண எடுத்து அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

எல்லோரும் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். வசந்தி மீன் போட்டுவைக்கும் தன் பச்சை பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். முந்தானையால் துடைத்தாள். தன் போனை அதில் போட்டாள்.

"அவங்கப்பனுக்கு மூணு நாள் கண்ணெடுக்காம நின்னேன். வந்தாரா? போடுங்கடி. கையில கீதுன்னா இழுக்கத்தான் தோணும்."

வரிசையாகப் போட்டார்கள். ஜூலியட் கடைசியாகப் போட்டாள். போட்ட கையைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை.

ஜான்சி லேப்டாப்பைத் திறந்துகொண்டு மணலில் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம். இரண்டு. கர்த்தரே என்றுகூட வாயில் வரவில்லை. மூன்றாவது நிமிடம் மெமரி நிறைவதைக் காட்டும் கோடு சரிந்தது, சர்வர் பேசியது. ஆம்ப்ரோஸின் கடைசிப் புள்ளி: பத்து இருபத்தைந்து, திருவான்மியூருக்கு நேரே, கடலுக்குள் நான்கு மைல். அதற்குப் பின் ஒன்றுமில்லை.

"தெக்கே!" என்று அலறினாள். "வடக்கே போகாதீங்க, தெக்கே!"

தேடக் கிளம்பிய படகு தெற்கே திரும்பியது. மணி பதினொன்று.

அதன்பின் செய்ய ஒன்றுமில்லை. அந்தப் புள்ளியும் முப்பத்தைந்து நிமிடப் பழையது. நடுவில் பெட்டி அனுப்பிய எத்தனை சேதி வாங்க ஆளில்லாமல் போனதோ? அதை நினைத்து நினைத்து ஜான்சி மணலைப் பிசைந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தொட்டிக்குள் ஒரு போன் அடித்தது. ஜூலியட்டுடையது. தேடப் போனவர்களில் ஒருவரின் பெயர். அவள் எடுக்காமல் ஜான்சியையே பார்த்தாள்.

"எடுங்க அண்ணி."

"நீ எடு. என்னால முடியாது."

ஜான்சி எடுத்துக் காதில் வைத்தாள். பல் கிட்டித்த குரல் ஒன்று கேட்டது. "ஜூலியட்டா? படகு கவுந்துடுச்சி... ஐஸ் பெட்டியப் புடிச்சிக்கினு கெடந்தேன்... அழாத, வந்துக்கினு கீறேன்."

ஜான்சி போனை அண்ணியின் காதில் வைத்துவிட்டு மணலில் குப்புற விழுந்தாள். பெண்கள் தொட்டியில் கைவிட்டுத் தங்கள் போனைத் தேடினார்கள். எல்லோருக்கும் அவனை ஏற்றி வரும் படகின் புள்ளியைப் பார்க்கவேண்டும். லேப்டாப்பில் மெமரிக் கோடு மறுபடி ஏறத் தொடங்கியது.

"ஏறுதுடி" என்றாள் வசந்தி.

"ஏறட்டும்மா" என்று அழுதுகொண்டே எழுந்தாள் ஜான்சி. "நீ முதல்ல சோறு போடு. துன்னுட்டு, அந்த டிஸ்க்ல எழுதற வேலைய முடிச்சிடறேன்."