பாதி திறந்த ஷட்டர்

என் மாமாவுக்கு மெடிக்கல் ஷாப் அக்காவின் மேல் காதல் என்பதைப் பெங்களூர் ஈஜிபுராவில் முதன்முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஐந்து வயது. படித்தது யூ.கே.ஜி. என்றாலும் காதல் விஷயத்தில் என் படிப்பு அதற்கு மேலே. சாயங்காலம் டிவியில் வரிசையாக ஓடும் சீரியல்களில் ஒன்றையும் நான் விட்டதில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெயின்டர் வேலை. எங்களோடுதான் இருந்தார். ஒரே காம்பவுண்டுக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் எங்களுடையது ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரே ஜன்னல். அப்பா லாரியோடு வெளியூர் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா கோரமங்களாவில் ஓர் அபார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு விடிந்ததும் கிளம்பிவிடுவாள். என்னைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவது மாமாவின் பொறுப்பு.

அந்த வருஷம் மாமாவை ஓர் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரில் பட்டி பூசித் தேய்க்கும் தூசியால் என்றார் மாமா. பெயின்ட் வாடை என்றாள் அம்மா. பெங்களூர்க் குளிர் என்றார்கள் காம்பவுண்டுக்காரர்கள். மருந்து விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து, மெடிக்கலில் கிடைக்கிற சிவப்பு சிரப். எங்கள் பக்கம் டாக்டரைப் பார்ப்பது வேறு வழியே இல்லாதபோதுதான். காய்ச்சலோ வயிற்றுவலியோ, மெடிக்கலில் போய் நின்று, "ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்றால் வைத்தியம் முடிந்தது.

அந்த மெடிக்கலை நடத்தியவர் ஒரு கன்னடக்கார அக்கா. பார்மசி படித்தவர். எங்களிடமே தமிழ் கற்றுக்கொண்டு எங்களையே அதில் திட்டுவார். மெதுவாகப் பேசுவது என்பது அவருக்கு வராது. "சாப்பாட்டுக்கு அப்புறம்! அப்புறம்!" என்று அவர் மாத்திரை கொடுப்பது பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். அவர் கடையில் யாருக்கு என்ன வியாதி என்று தெரு முழுக்கத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் மாமா வழக்கம்போல சிரப் கேட்டார். அக்கா எடுக்கவில்லை.

"எத்தன பாட்டில் ஆயித்து? போன மாசத்துலேர்ந்து இதையே கேக்கறீங்க. சட்டை வேற தொளதொளன்னு ஆயிட்டு இருக்கு. இனிமே சிரப் பேடா, வேண்டாம். டெஸ்ட் பண்ணுங்க."

"இன்னாக்கா நீ? துட்டு குடுக்கறேன், மருந்து குடு. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு பேஜார் பண்ணாத."

நான் பெரிய சண்டையை எதிர்பார்த்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அக்கா கவுன்டருக்கு மேல் குனிந்து, தெருவே கேட்டறியாத மெல்லிய குரலில் மாமாவிடம் என்னவோ சொன்னார். சொல்லிவிட்டு மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைப் பேப்பர் கவரில் சுற்றிக் கொடுத்தார். மாமா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எல்லோரிடமும் கத்துகிறவர் ஒருவரிடம் மட்டும் மெதுவாகப் பேசுகிறார், யாருக்கும் தெரியாமல் பரிசும் கொடுக்கிறார். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அந்த டப்பா சளியைப் பிடித்துக் கொடுப்பதற்கானது. மாமாவுக்கு வந்திருந்தது காசநோய். இது எனக்குத் தெரிந்தது பல வருஷங்கள் கழித்து. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் அதை ஆறு மாதம், ஒருநாளும் விடாமல், பொறுப்பான ஒருவர் கண்முன்னால் விழுங்க வேண்டும். அந்தப் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டார். மாமாவின் கவலை வேறு. அல்சூரில் ஒரு பெண்ணோடு நிச்சயம் முடிந்து தட்டு மாற்றியிருந்தார்கள். விஷயம் வெளியே போனால் கல்யாணம் நின்றுவிடும், வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்று மாமா அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டாராம். அதனால் அக்கா கடை திறக்கும் நேரத்துக்கு முன்னாலேயே வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக் காத்திருப்பார்.

தினமும் காலையில் மாமா குனிந்து உள்ளே போவார். என் ஸ்கூல் பையோடு நான் குனியாமலே போவேன். அக்கா மாத்திரைகளைக் கையில் கொடுத்துத் தண்ணீரும் கொடுப்பார். மாமா விழுங்கி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "ராத்திரி சாப்டீங்களா? முட்டை சாப்பிடுங்கன்னேனே?" என்று கேட்பார். சில நாள் எடை பார்க்கும் மெஷினில் ஏற்றுவார். முள் கொஞ்சம் கூடியிருந்தால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். சீரியலில் கதாநாயகி மருந்து கொடுத்தால் அடுத்த வாரம் கல்யாணம். இவர்கள் ஏன் இத்தனை இழுக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என்னையும் அவர்கள் கவனிக்காமல் விடவில்லை. அக்கா இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே ஒரு சின்ன மாத்திரையை நசுக்கி, தண்ணீரில் கலந்து, "ஆ காட்டு" என்பார். கசப்புக்கு ஒரு கடலை மிட்டாய். மாத்திரை வைட்டமின் என்றாள் அம்மா. மிட்டாய் எதற்கு என்று அம்மா சொல்லவில்லை, மாமா சொன்னார். "இங்க வர்றத யார்கிட்டயும் சொல்லாத கண்ணு, தினம் மிட்டாய் உண்டு." லஞ்சம் என்றால் என்ன என்று சீரியல் பார்த்து எனக்கு நன்றாகவே தெரியும். வாங்கிய மிட்டாய்க்கு விசுவாசமாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கல்யாணத்தை மாமா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வேலைக்குப் போயிருந்தபோது, அல்சூரிலிருந்து பெண்ணும் அவளுடைய அம்மாவும் சொல்லாமல் வந்து நின்றார்கள். பெண் சிவாஜிநகரில் துணிக்கடையில் வேலை பார்ப்பவர். இப்போது என் அத்தை.

"உன் தம்பி மனசுல இன்னாதான் இருக்குது? தையின்னீங்க, மாசின்னீங்க, இப்ப ஆவணின்றீங்க. எங்களப் பாத்தா இன்னா மாதிரி தெரியுது?" என்றார் அத்தையின் அம்மா.

வேலை அதிகம், மேஸ்திரி விடமாட்டேன் என்கிறார் என்று அம்மா தடுமாறினாள். பாவம், அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லையே என்று நான் உதவிக்குப் போனேன்.

"மாமா மெடிக்கல் அக்காவ லவ் பண்றாரு. தினம் காலைல ஷட்டருக்குள்ள பூந்துதான் போவாரு. சொல்லக்கூடாதுன்னு எனக்கு மிட்டாய் குடுப்பாங்க."

அம்மா டீ தட்டைக் கீழே வைத்தாள். மறுத்தால் நோயைச் சொல்ல வேண்டும். நோயைச் சொன்னாலும் கல்யாணம் போய்விடும்.

அத்தையின் அம்மா நேரே மெடிக்கலுக்கு நடந்தார். பின்னால் அத்தை, அதற்குப் பின்னால் அம்மாவும் நானும். கடையில் நல்ல கூட்டம். அத்தனை பேர் முன்னாலும் அவர் அக்காவைக் கேட்டார், "எம் பொண்ண கட்டிக்கப் போறவன காலங்காத்தால கடைக்குள்ள கூப்புட்டு வெச்சிக்கிறியே, நீயும் குடும்பஸ்திதானே? வெக்கமா இல்ல?"

அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "நோடிம்மா, இங்க பாருங்க, அவர் வர்றது நிஜம். ஷட்டர் பாதி இருக்கும்போது வர்றதும் நிஜம். எதுக்குன்னு அவரைக் கேளுங்க. நான் சொல்லமாட்டேன்."

அவ்வளவுதான். காத்திருந்தவரின் சீட்டை வாங்கி மாத்திரை எடுத்துக் கொடுத்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார். அன்றைக்கு அது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நோயின் பெயரை ஒருமுறை சொல்லியிருந்தால் அவர் மேல் விழுந்த பேச்சு அந்த நிமிடமே நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை. அதன்பிறகு சில நாட்கள் எங்கள் காம்பவுண்டுப் பெண்கள் அந்தக் கடைப் பக்கம் போகாமல் வேறு மெடிக்கலுக்குப் போனார்கள்.

சாயங்காலம் அம்மா சொல்லக் கேட்ட மாமா, கை பெயின்டைக்கூடச் சரியாகக் கழுவாமல் அல்சூர் பஸ் ஏறினார். அத்தையை ஏரிக்கரைக்கு வரச் சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அத்தை இதைச் சொல்லும்போது இப்போதும் சிரிப்பார். "லவ்வுன்னு சொல்லியிருந்தா மோதரத்தக் கழட்டிக் குடுத்திருப்பேன். வியாதின்னாரு. சரி, மாத்திர முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னேன்." மாத்திரை முடிந்தது, டெஸ்ட்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது, கல்யாணம் நடந்தது. பந்தியில் முதல் இலை அக்காவுக்கு. அத்தையின் அம்மா அதற்கு முன்பே ஒருநாள் ஈஜிபுராவுக்கு வந்து, இல்லாத தலைவலிக்கு அக்காவிடம் ஒரு தைலம் வாங்கிக்கொண்டு போயிருந்தார். மன்னிப்பு என்று தனியாக அவர் எதுவும் கேட்கவில்லை.

எனக்குக் குழப்பமாக இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலைதான். வழக்கம்போல ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. நான் மாமாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பேச்சை மீறியாயிற்று, ரகசியம் ஊருக்கே தெரிந்தாயிற்று, இனிமேல் எனக்கு என்ன தருவார்கள்? அக்கா மாமாவுக்கு மாத்திரை கொடுத்து முடித்துவிட்டு என்னை முன்னால் இழுத்தார். இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே மாத்திரையை நசுக்கினார்.

ஒரே ஜன்னல் உள்ள அறையில் மாமாவின் பக்கத்தில் படுத்துறங்கிய குழந்தைக்கு அந்த நோய் வந்துவிடாமல் இருக்கத் தரும் மாத்திரை அது என்று அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. அன்றைக்கு நான் கண்டது, என் பேச்சால் தெருவில் பெயர் கெட்டுப்போன ஒருவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஆ காட்டு" என்றதைத்தான்.

காட்டினேன். விழுங்கியதும் மிட்டாயும் வந்தது. இந்த அக்காவுக்கு லஞ்சம் கொடுக்கக்கூடத் தெரியவில்லையே என்று நினைத்தபடி அதை வாங்கிக் கடித்தேன்.