கப்பல் அலைக்காரி

அடுத்த அறையில் 'தொம்' என்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு 'தொம்'. மூக்குக்கண்ணாடியில் கடுகளவு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தவரின் கை ஆட, திருகாணி துள்ளி மேசைக்கடியில் ஓடிவிட்டது.

"விழுந்துட்டியா?"

"விழல. எறங்குனேன்!"

தரையில் மெத்தை, மெத்தைமேல் பலகை, பலகைமேல் அவர் மனைவி. குப்புறப் படுத்துக் காற்றைத் துழாவிவிட்டு எழுந்து நிற்பாள். மாலைதோறும் இதே கூத்துதான். கீழ்வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். "பாவம், அவருக்கும் பொழுது போகணும்ல" என்பாள்.

ரொட்டிக் கடையில் மாவு அவள் பொறுப்பு. பிசைய இயந்திரம் உண்டு. ஆனாலும் கடைசிப் பிசைதல் அவள் கையால்தான். "மெஷினுக்கு ஆத்திரந்தான் தெரியும், அன்பு தெரியாது" என்பாள். அதனால் வந்த தோள்களைப் பார்த்தால் துடுப்புப் போடுகிறவளோ என்று தோன்றும். முழங்கால்கள்தாம் அவளைக் கைவிட்டன. அடுப்பின் முன் நின்ற ஆண்டுகளெல்லாம் அங்கே போய்க் குடியேறியிருந்தன.

மகள் கல்யாணமாகிப் போனதும் வீடு ஓவென்று கிடந்தது. வேறொருத்தியாக இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதிருப்பாள். இவள் கடற்கரையில் அலைச்சறுக்கு வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் அனைவரும் மகளைவிடச் சிறியவர்கள். 'கேக் ஆன்ட்டி' என்று பெயர் வைத்தார்கள். அலை புரட்டிப்போட, வாய் நிறைய மணலோடு எழுந்தவளைப் பார்த்துச் சிரித்தார்கள். மறுவாரம் அவர்களுக்கே ஒரு கூடை இனிப்பு பன் கொண்டுபோனாள். கடலில் ஒரு தடவைகூடப் பலகைமேல் நின்றபாடில்லை.

"கரை அலைக்கு அவசரம் ஜாஸ்தி. நான் எந்திரிக்கறதுக்குள்ள அது வீடு போய்ச் சேர்ந்துடுது."

அந்த நிலையில்தான் கப்பல் அலையைப் பற்றிக் கேள்விப்பட்டாள். கழிமுகத்தில் பெரிய கப்பல்கள் ஆழமான தடத்தில் போகும். அவை கிளப்பும் அலை பக்கத்து மணல்திட்டுக்கு மேல் ஏறியதும் தலைதூக்கி, உடையாமல் வெகுதூரம் உருளும். கப்பலுக்கு எட்டவே விலகி, விசைப்படகில் போய்க் காத்திருந்து பிடிக்க வேண்டும். அழைத்துப்போக ஒரே ஒரு படகுக்காரர். புதியவர்கள் என்றால் முடியாது என்று தலையை ஆட்டிவிடுவார். இவள் விடாமல் போன் செய்ததில், "சரி, வீட்டுக்கே வந்து நீங்க எந்திரிக்கறதப் பாக்கறேன். வேணாம்னா வேணாந்தான், அப்புறம் கேக்கக் கூடாது" என்றிருந்தார்.

அவர் வருவதாகச் சொன்ன மாலை இது. அழைப்புமணி அடித்தது. அவள் கண்ணில் பயத்தைக் கணவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். 'அந்த ஆளு வேணாம்னு சொல்லிடணும்' என்று அவர் நெஞ்சு வேண்டிக்கொண்டது. அப்படி வேண்டிக்கொண்டதற்காக அவரே வெட்கப்பட்டார்.

படகுக்காரர் உட்காரக்கூட இல்லை. "எந்தக் கப்பலோட அலை வேணும்க்கா உங்களுக்கு?"

"அந்தச் சிவப்புக் கப்பல். அஞ்சு மாடி கட்டின மாதிரி நிக்குமே!"

அவர் சிரித்துவிட்டார். "அது காலிக் கப்பல்க்கா. அதான் அவ்வளவு ஒசரம். அலையே போடாது. பாதி முங்கின மாதிரி, அழுந்தி வருது பாருங்க, சரக்கு ஏத்தின கப்பல், அதுதான் தண்ணியத் தள்ளும்."

லீவு நாளெல்லாம் படகுத்துறையில் காத்து நின்று பார்த்து வைத்த கப்பல்! அவள் முகம் சுருங்கிற்று. "அப்ப நான் ஆள் மாறிக் காதலிச்சுட்டேன்" என்றவள், பேச்சை அதோடு விட்டுப் பலகைமேல் படுத்தாள்.

துழாவினாள். கையை ஊன்றினாள். ஒரு முழங்கால் மடங்கியது. அதற்குமேல் எழ முடியாமல் அப்படியே இருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. எழு, எழு என்று தன் உதடுகளே முணுமுணுப்பதைக் கணவர் தாமதமாகத்தான் உணர்ந்தார். மற்றக் காலும் மெல்ல, மிக மெல்ல முன்னே வந்தது. நின்றாள்.

"இது கரை அலைக்கு ஆகவே ஆகாதுக்கா" என்றார் படகுக்காரர்.

அவள் பலகையை விட்டு இறங்கவில்லை.

"கப்பல் அலைக்குப் போதும். நீங்க எந்திரிச்சு, கொண்டையப் போட்டு முடிக்கற வரைக்கும் அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஒண்ணு மட்டும். நான் படகப் பாக்கணும். நீங்க விழுந்தா, உங்க தலைய விட்டுக் கண்ண எடுக்காம இருக்க ஒரு ஆள் வேணும். வீட்டு ஆளா இருக்கட்டும். ஆள் இல்லன்னா நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

அக்கரைக்கு அரை நாழிகையில் படகு போகும். அதை விட்டுவிட்டு, பாலம் சுற்றி இரண்டு பஸ் மாறிப் போகிறவர் அவள் கணவர். தண்ணீர் என்றாலே அவருக்குப் பயம். அது அவளுக்குத் தெரியும். அதனால் அவர் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு அவரைச் சங்கடப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"இத்தனை வருஷமா வேற எதப் பாத்துக்கிட்டிருந்தேன்?" என்றார் கணவர். "நான் வர்றேன்."

"வாந்தி எடுப்பீங்களாண்ணே?"

"எடுத்துக்கிட்டே பாப்பேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை" என்று படகுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். மேல்தாழ் போட்டாள், கீழ்த்தாழும் போட்டாள். பிறகு கணவர் மனம் மாறி, படகுக்காரர் பின்னால் ஓடி 'வரல' என்று சொல்லிவிடுவாரோ என்பதுபோல், இரு கைகளையும் விரித்துக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.