நாற்பது நாள் அரிசி

ஊறிய அரிசியிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தின உமர் பாரூக்கின் கைகள். மணி மாவாக நசுங்கியது. இன்னொன்றை எடுத்து அழுத்தின. அதுவும் நசுங்கியது. வழக்கமாக இப்படி அழுத்தினால் இரண்டாக, மூன்றாக உடையும். உடைந்த முனை விரலில் லேசாகக் குத்தும். கைகள் சற்றுத் தயங்கின. பிறகு அரிசியை வடிகட்டி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மசாலாவில் சரித்தன. எப்போதும் வைக்கிற தண்ணீர், எப்போதும் எரிக்கிற தீ. மூடியின் மேல் கங்கு அள்ளிப் போட்டு, இருபது நிமிடம் கழித்துத் திறந்தன.

கரண்டி இறங்கவில்லை. இறங்கியபின் ஏறவில்லை.

மனைவி ரம்லா எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, பட்டை கிராம்பெல்லாம் போட்டுப் பொங்கல் வச்சிருக்கீங்களா?"

"சும்மா இரு ரம்லா. மனசே சரியில்ல."

"நல்லாத்தானுங்க இருக்குது. பல்லில்லாதவங்களுக்குத் தனியா ஆர்டர் எடுக்கலாம்."

உமர் பாரூக் சிரிக்கவில்லை. உக்கடத்தில் இருபத்தாறு வருடமாக அவர் பிரியாணி மாஸ்டர். கல்யாண வீடுகளில் வெங்காயம் உரிக்கப் போனவர். உரித்தபடியே பெரிய மாஸ்டர்மார் எப்போது தண்ணீர் ஊற்றுகிறார்கள், எப்போது தீயை இழுக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. ஆயிரம் பேருக்குச் சமைத்தாலும் அவர் சோறு ஒன்றோடொன்று ஒட்டியதில்லை. அவருக்குத்தான் இப்போது அரைக்கிலோ அரிசி அடங்க மறுத்தது.

அரிசியைக் கொண்டுவந்து கொடுத்தவள் அன்புக்கரசி. ஆனைமலைக்காரி, கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை. தன்னோடு வேலை செய்யும் பெண்ணின் கல்யாணத்தில் உமர் பாரூக்கின் பிரியாணியைச் சாப்பிட்டவள். போன வாரம் மூன்று கிலோ சீரகச் சம்பாவை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க வயல்ல வெளஞ்சதுங்க பாய். வாய்க்காலோரமா ஒன்றரை ஏக்கரு. வாங்கி ரெண்டு வருசம் ஆகுது. இதுதான் மொத வெள்ளாமை. எங்கம்மா நூத்தம்பது பேருக்குச் சோறு போடோணுமுன்னு நிக்கறாங்க. இந்த அரிசியிலேயே பிரியாணி பண்ணித் தரோணுமுங்க."

உமர் பாரூக் நாலு அரிசியை வாயில் போட்டுக் கடித்தார். பல்லுக்கு வலிக்கவே இல்லை.

"அறுத்து எத்தன நாளாச்சுங்க அம்மணி?"

"மூணு வாரமுங்க. விருந்தன்னிக்கு நாப்பது நாள் ஆயிருமுங்க."

"நாப்பது நாள் அரிசி பிரியாணிக்கு ஆகாதுங்க. கொழஞ்சுபோயிரும். ஒரு வருசம் மூட்டையில கெடக்கட்டும், அடுத்த மாசியில நானே வந்து பண்ணித் தாரேன். இப்பத்திக்குக் கடையில பழைய அரிசி வாங்கிக்கலாம். முத்து முத்தா நிக்கும்."

அன்புக்கரசி பையை எடுத்துக்கொள்ளவில்லை.

"கடை அரிசியில பண்றதுன்னா எங்கூர்லயே ஆளு இருக்குதுங்க பாய். எங்கம்மா நாப்பது வருசம் அடுத்தவங்க வயல்ல நாத்து நட்டவங்க. கூட நட்ட பொம்பளைங்களுக்குத்தான் இந்த விருந்தே. புதுநெல்லுச் சோறு நெலம் வச்சிருக்கற காட்டுக்காரங்க ஊட்டுல வேகறப்ப வாசம் வருமாமா. இவங்க ரேசன் அரிசியப் பொங்கித் தின்னுட்டு அடுத்த நாள் நடவுக்குப் போவாங்களாமா. இப்பச் சொந்த நெல்லு வந்திருக்குது. இதையும் பழசாக்கித் தின்னுங்கன்னு நான் எப்படீங்க சொல்றது?"

உமர் பாரூக் பையின் வாயைக் கட்டினார். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "பாக்கறேனுங்க" என்றார். 'பண்ணித் தாரேன்' என்று சொல்லவில்லை. ஆனால் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் அரைக்கிலோ பொங்கலானது. மறுநாள் அடுத்த அரைக்கிலோவுக்குத் தண்ணீரைக் கறாராகக் குறைத்தார். வெளியே மெத்தென்று வெந்தது, நடுவில் விதைபோல மாவு நின்றது. ரம்லா அதைக் கோழிகளுக்குப் போட்டாள். கோழிகள் குறை சொல்லவில்லை என்று அவரிடம் வந்து சொன்னாள்.

அன்று மாலை அவர் அடுப்பு மேடையில் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றில் கடை அரிசி, இன்னொன்றில் வயல் அரிசி. கடை அரிசி நிறம் கொஞ்சம் மங்கி, காய்ந்து, எல்லாம் ஒரே அளவாக இருந்தது. வயல் அரிசி பால்போல வெளுத்து, சிறிதும் பெரிதுமாக, கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருந்தது. முகர்ந்தால் பச்சை வைக்கோலின் வாசம்.

இருபத்தாறு வருடமாகத் தனக்குச் சோறு போட்டது கடை அரிசிதான் என்று நினைத்துக்கொண்டார். அதைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆலையில் யாரோ அதை ஒரு வருடம் வைத்துக் காத்து, கல் பொறுக்கி, குருணை சலித்து, ஒரே மாதிரியாகத் தந்துகொண்டே இருந்தார்கள். எந்த மாதம் வாங்கினாலும் அதே தண்ணீர், அதே நேரம். அவர்கள் காத்திருந்த காத்திருப்பையெல்லாம் தன் கைப்பக்குவம் என்றே இத்தனை நாளும் அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதை இந்த மூன்று கிலோ அரிசி காட்டிக்கொடுத்துவிட்டது.

'இது இன்னும் ஈரம் ஆறாத அரிசி. இதை நான் ஏன் அரைமணி நேரம் ஊறப்போடுகிறேன்?'

மூன்றாம் முறை ஊறவே போடவில்லை. இரண்டு தண்ணீரில் அலசி, வெள்ளை வேட்டியில் பரப்பி நிழலில் உலரவிட்டார். மணியோடு மணி ஒட்டாமல் உருண்டதும் நெய்யில் லேசாகப் புரட்டினார். ஒன்றுக்கு ஒன்றரை ஊற்றுகிற தண்ணீரை ஒன்றேகாலாக்கினார். திறந்தபோது மேலே முத்து முத்தாக நின்றது. அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மட்டும் நசுங்கிக் கிடந்தது.

அந்த அடிச்சோற்றை விரலால் பிட்டுப் பார்த்தார். வேக்காடு சரிதான். மேலே கிடந்த சோற்றின் கனத்தை அது தாங்கவில்லை. அரைக்கிலோவுக்கே இப்படி என்றால், பதினாறு கிலோவை ஒரே அண்டாவில் போட்டால்?

"ரம்லா, அகலமா, உசரமில்லாத பாத்திரம் எட்டு வேணும்."

"எட்டா? ஒரே அண்டாவுல முடிக்கற வேலைக்கு எட்டு அடுப்பா? யாரு ஊதறது?"

"நாந்தான். நீயும் வாரே."

"அதானே பாத்தேன்" என்றாள் ரம்லா. அன்றே அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரம் கேட்டு வைத்தாள்.

விருந்தன்று விடிவதற்குள் இருவரும் ஆனைமலை போய்ச் சேர்ந்தார்கள். வயலோரம் தென்னை மரங்களுக்கிடையே பந்தல் போட்டிருந்தது. வண்டியிலிருந்து பாத்திரங்களை இறக்கும்போது, அடியில் கிடந்த மூட்டையை அன்புக்கரசி பார்த்துவிட்டாள்.

"இது என்னங்க பாய்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "பழைய அரிசிங்க அம்மணி. பயத்துக்கு எடுத்துட்டு வந்தேன். பாதிக்குப் பாதி கலந்தா யாருக்கும் தெரியாது. உங்கம்மா பேரும் கெடாது, எம் பேரும் கெடாது."

அவள் பேசுவதற்குள், பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்த பாவாத்தாள் நிமிர்ந்தாள். அன்புக்கரசியின் அம்மா, எழுபதை நெருங்கியும் முதுகு வளையாதவள்.

"ஏனுங் பாய், கொழஞ்சா என்னாயிருமுங்க? கொழஞ்ச சோறு தின்னுதான் நாங்க அத்தன பேரும் வளந்தோம். அது யாரு ஊட்டு அரிசியோ. இன்னிக்குக் கொழஞ்சாலும் இது நம்மளுது. உங்க பயம் வண்டியிலயே இருக்கட்டும், அது காத்தாவது வாங்குமில்லீங்க."

ரம்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உமர் பாரூக் மூட்டையைத் தார்ப்பாயால் மூடினார்.

எட்டு அடுப்புகளும் பற்றின. ஆட்டுக்கறி மசாலா வழக்கம்போல வெந்தது. அதில் அவருக்குச் சந்தேகமில்லை. தக்காளி மட்டும் பாவாத்தாள் வீட்டுப் பின்புறத்து நாட்டுத் தக்காளி. ஒன்றை நக்கிப் பார்த்துவிட்டு, புளிப்பு தூக்கலாக இருந்ததால் தயிரைப் பாதியாகக் குறைத்தார். உலர்த்திய அரிசியை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு கிலோவாகப் பிரித்துப் போட்டார். கிளறவில்லை, கரண்டிக் காம்பால் ஓரத்தை மட்டும் விலக்கிவிட்டார். பதினைந்தாம் நிமிடம் தீயை இழுத்துவிட்டு, மூடிகளின் மேல் கங்கு போட்டார். அதன்பின் ஒரு பாத்திரத்தின் அருகில் குனிந்து காதைக் கொடுத்தார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் நின்று, நெய் பொரியும் மெல்லிய சத்தம் தொடங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பந்தலில் பெண்கள் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்த இடம் மெல்ல அடங்கியது. காற்று அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"பாவாத்தா, காட்டுக்காரங்க ஊட்டு வாசமல்லோ வருது!" என்று ஒருத்தி கத்தினாள்.

"இப்ப நாந்தாண்டி காட்டுக்காரி!" என்று பாவாத்தாள் இங்கிருந்து கத்த, பந்தல் முழுவதும் சிரித்தது.

உமர் பாரூக் 'பிஸ்மில்லாஹ்' என்று முணுமுணுத்து முதல் மூடியை எடுத்தார். ஆவி முகத்தில் அடித்தது. அகலக் கரண்டியை ஓரமாக அடிவரை இறக்கி, மெல்லப் புரட்டி மேலே கொண்டுவந்தார். அடிச்சோறும் மேல்சோறும் ஒன்றாக உதிர்ந்தன. கடை அரிசிபோல விறைத்து நிற்கவில்லை. மணிக்கு மணி தனியாக, ஆனால் மெத்தென்று, கறியின் சாறைக் குடித்துக் கனத்துக் கிடந்தது. ஒரு மணியை எடுத்து நாக்கில் வைத்தார். மசாலாவைத் தாண்டி, கடைசியில் ஒரு இனிப்பு தங்கியது. இத்தனை வருடத்தில் தன் பிரியாணியில் அவர் கண்டிராத ருசி. அதைத் தான் போடவில்லை என்று அவருக்குத் தெரியும்.

"என்னாச்சுங்க?" என்றாள் ரம்லா, சிரிக்காமல்.

"நல்லா வந்திருக்குது. அல்ஹம்துலில்லாஹ்."

வழக்கமாக முதல் தட்டை அவரே பந்திக்குக் கொண்டுபோவார். அன்று போகவில்லை. பெரிய தட்டு நிறையக் கறியும் சோறுமாக அள்ளி வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்து, பாவாத்தாளைக் கூப்பிட்டார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உங்க அரிசிங்கம்மா. நீங்களே கொண்டுட்டுப் போய்ப் போடுங்க."

சூடு படாமலிருக்க அவள் முந்தானையை மடித்து இரண்டு கைகளையும் நீட்டினாள். உமர் பாரூக் தட்டை அதன்மேல் வைத்து, அவள் பிடி உறுதியானது தெரிந்தபின் தன் கைகளை எடுத்தார்.